பூட்டப்படாத கதவின் முன் ஆறு பேர்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஒரு மரக் கதவு. பூட்டு இல்லை, பொறி இல்லை, மந்திரக் கட்டு இல்லை. அதற்கு அப்பால் ஒரு காலி அறை. அறையில் ஒரு முக்காலி. கதவுக்கு இப்பால் ஆறு பேர் நிற்கிறார்கள். ஒருவர் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டவர். இன்னொருவர் விரல் நுனியில் தீப்பிழம்பை வரவழைக்கக்கூடியவர். மற்றொருவர் கதவு திறப்பதையே பிழைப்பாகக் கொண்ட கைதேர்ந்த திருடர். அந்தக் கதவைத் திறக்க இந்த ஆறு பேருக்கும் நாற்பது நிமிடம்கூட ஆகிவிடுகிறது. ஏன்?

இது நிஜக் கதவில் நடப்பதல்ல. அமெரிக்காவின் நடுத்தர ஊர் ஒன்றில், வார இறுதியில், ஓட்டலின் விருந்துக் கூடத்தில் நடக்கும் விளையாட்டு மாநாட்டில் ஒரு மேசையைச் சுற்றி நடப்பது. ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ். கதையை நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர், ஆடுபவர்கள் டி.எம். என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஆகவே மேற்படி கதவு டி.எம். வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் மட்டுமே. அதற்குக் கீல் கிடையாது, எடை கிடையாது, இடுக்கில் விரல் மாட்டவும் வழியில்லை. ஆறு பெரியவர்கள் ஒரு வாக்கியத்தின் முன் தயங்கி நிற்கிறார்கள் என்பதே இவ்வாய்வின் சிக்கல்.

ஆய்வு எல்லை

கதவுகள் மட்டும். ஜன்னல், ஏணி, கிணறு, இழுபாலம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. புதையல் பெட்டிகளைப் பற்றி ஆய்வாளருக்குக் கடுமையான கருத்துகள் உண்டு; அவற்றை இங்கே கேட்காமல் இருப்பது அனைவருக்கும் நல்லது. நண்பர்கள் வீட்டில் கூடி மாதக்கணக்கில் ஆடும் தொடர் ஆட்டங்களும் எல்லைக்கு வெளியே. அங்கே ஒரு கதவுக்கு ஓர் இரவு முழுவதும் செலவானாலும் அது அவர்கள் வீட்டு விவகாரம்.

கணக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை. பகடையின் கணக்கு எவர் கையிலும் மாறாது என்பதால் அதுவே போதுமானதாகக் கொள்ளப்பட்டது.

கதவின் வரலாறு

1968இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் ஏரிக்கரை ஊரில் கேரி கைகாக்ஸ் என்பவர் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, போர் விளையாட்டு ஆர்வலர்களைக் கூட்டினார். ஏறத்தாழ நூறு பேர் வந்தார்கள். ஜென் கான் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டம் ஊர் ஊராக மாறி 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. இப்போது 70,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அமெரிக்காவில் எங்கெங்கோ ஓட்டல்களில் நடக்கும் உள்ளூர் மாநாடுகள் எல்லாம் அந்த 50 டாலர் மண்டபத்தின் வாரிசுகள்.

கைகாக்ஸும் மினசோட்டாக்காரர் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து எழுதிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974இல் வெளிவந்தது. கைகாக்ஸ் அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தில் எந்த ஆபத்துக்கு என்ன கட்டணம் என்று மதிப்பிடும் வேலை பார்த்தவர். ஆர்னெசன் காவலாளியாக வேலை செய்தவர். ஒருவர் ஆபத்தைக் கணக்கிட்டே சோறு தின்றவர். மற்றவர் கதவைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றவர். இந்த இருவரும் சேர்ந்து வடிவமைத்த உலகத்தில் கதவுகள் எப்படி இருக்கும் என்று ஊகிப்பதற்கு ஆய்வுப் பட்டம் தேவையில்லை.

அந்த முதல் பதிப்பின் விதிப்படி, பாதாளக் கதவுகள் கைப்பிடியைத் திருகினாலோ தள்ளினாலோ பொதுவாகத் திறக்காது. பலத்தைக் காட்ட வேண்டும். ஆறு முகப் பகடையில் 1 அல்லது 2 விழுந்தால்தான் திறக்கும். அதாவது கவசம் பூண்ட வீரர் மூன்றில் இரண்டு தடவை கதவில் மோதித் திரும்புவார். திறந்த கதவு தானாகவே மூடிக்கொள்ளும். மூடாமலிருக்க இரும்பு முளை அடிக்கலாம். ஆனால் முளை நழுவிக் கதவு மூடிக்கொள்ள மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. பொருள் பட்டியலில் பத்தடிக் கோல் ஒன்றும் இருந்தது. சந்தேகப்பட்டதையெல்லாம் எட்ட நின்று குத்திப் பார்க்க வீரர்கள் அதைக் கொண்டுபோனார்கள்.

இதே விதியில் இன்னொரு வரி உண்டு. பிறர் இழுத்துப் பிடிக்காத வரை, அரக்கர்களுக்கும் பூதங்களுக்கும் எல்லாக் கதவும் தானாகத் திறக்கும். அப்பட்டமான ஓரவஞ்சனை என்று முதல் பார்வையில் தோன்றும். இந்த வரியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வின் முடிபு இதில்தான் தொங்குகிறது.

மறு ஆண்டு, 1975இல், பால்டிமோரில் ஆரிஜின்ஸ் என்ற மாநாடு முதன்முறையாக நடந்தது. அங்கே போட்டி ஆட்டமாக கைகாக்ஸ் ஒரு கல்லறையை வைத்தார். அது பின்னர் 1978இல் டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்று நூலாக வந்தது. அதன் நுழைவாயில்கள் மூன்றில் இரண்டு பொய். ஒன்றில் கூரை தலையில் விழும். மற்றொன்றில் கல் நகர்ந்து வழியை அடைக்கும். உள்ளே போன பிறகும் பொய்க் கதவுகள் உண்டு. திறந்தால் ஈட்டி பாயும். ஆட வந்தவர்கள் சண்டை போடவே தேவையில்லாமல் செத்தார்கள். கதவைத் திறந்தவன் சாவான் என்ற நம்பிக்கை பொதுமக்கள் முன்னிலையில், மாநாட்டு மேசையில், போட்டிப் புள்ளிகளோடு நிறுவப்பட்டது. இந்தத் தயக்க நோய் எங்கே பரவியது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது.

ஆட்டக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. திறப்பதற்கு முன் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்கத் தொடங்கினார்கள். கைகாக்ஸும் சும்மா இருக்கவில்லை. 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவலில் மரத்தில் குடியிருக்கும் ஒரு பூச்சியைச் சேர்த்தார். கதவில் காதை வைப்பவரின் காதுக்குள் அது புகுந்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் உள்ளேயே மேயும். ஒட்டுக்கேட்பவர்களைத் தண்டிப்பதைத் தவிர இந்தப் பூச்சிக்கு உயிரியல் நோக்கம் எதுவும் ஆய்வாளருக்குப் புலப்படவில்லை. அதே நூலில் மிமிக் என்ற ஜந்துவும் உண்டு. அது பெட்டியாகவோ கதவாகவோ உருமாறிக் காத்திருக்கும், தொட்டவர் ஒட்டிக்கொள்வார். ஆக, காதை வைத்தால் பூச்சி, கையை வைத்தால் பசை, திறந்தால் ஈட்டி. இத்தனைக்கும் பிறகு ஒருவர் கதவருகே போவாரானால் அவரது துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். ஆனால் மேற்படி கதவுக்குப் பின்னால் இருப்பது முக்காலி.

மாநாட்டு நேரம் என்னும் அரக்கன்

மாநாட்டில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது நான்கு மணி நேரம். 240 நிமிடம். இதில் ஆட்களைத் தேடி உட்காரவைப்பது, அறிமுகம், பாத்திரத் தாள்களைப் பங்கிடுவது, "எனக்குத் திருடர்தான் வேண்டும்" என்று இருவர் சொன்னால் சமரசம் செய்வது, விதிகளை விளக்குவது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் ஆவியாகும். நடுவில் கழிப்பறை இடைவேளை பத்து நிமிடம் என்று அறிவிக்கப்படும். காபி வரிசை அதை இருபதாக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் அடுத்த குழு வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கத் தொடங்கும். அவர்கள் ஒன்றும் பேச மாட்டார்கள். பையை மட்டும் மேசை ஓரத்தில் வைப்பார்கள்.

மிஞ்சுவது மூன்று மணி நேரம். அதற்குள் கிராமத்தார் வந்து கெஞ்ச வேண்டும், காட்டைக் கடக்க வேண்டும், பாதாளத்தில் இறங்க வேண்டும், டிராகனைச் சந்திக்க வேண்டும், சாகவோ வெல்லவோ வேண்டும். இந்த நிலையில் ஒரு காலி அறைக்கு நாற்பது நிமிடம் போனால், டிராகனுக்கு எஞ்சுவது கால் மணி. மாநாடுகளில் டிராகன்கள் திடீரென்று மனம் மாறிச் சமாதானம் பேசுவதையும், மாரடைப்பில் சாய்வதுபோல ஒரே அடியில் சாய்வதையும் கண்டு வியந்தவர்களுக்கு இதுவே விளக்கம். அவற்றைக் கொன்றது கதவு.

டி.எம்.முக்கு இதில் பெரும்பாலும் வருமானம் எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆட்டங்களை நடத்தினால் பல மாநாடுகள் நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும். பொன்னாடை கிடையாது. ஒரே கூடத்தில் பத்துப் பன்னிரண்டு மேசைகள் ஓடுவதால், டி.எம். தன் மர்மக் குரலைக் கத்தித்தான் வெளியிட வேண்டும். "மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது" என்பதைத் தொண்டை கிழியச் சொல்லும் கலையை அவர் சனிக்கிழமை மதியத்துக்குள் கற்றுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை குரலே இருக்காது.

ஒட்டுக்கேட்டலின் கணக்கு

இப்போது தரவுக்கு வருவோம். 1974 விதிப்படி, மனிதப் பாத்திரம் ஒட்டுக்கேட்டால் அப்பால் உள்ள சத்தம் காதில் விழ ஆறில் ஒரு வாய்ப்பு. அறைக்குள் யாரோ உண்மையிலேயே சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மனிதர்களும் வரிசையாகக் காதை வைக்கிறார்கள். ஆறு பேருக்குமே எதுவும் கேட்காமல் போக வாய்ப்பு 33 விழுக்காட்டுக்கும் சற்று அதிகம். ஆகவே, "ஒன்றும் கேட்கவில்லை" என்ற பதிலால் ஒன்றும் நிரூபணமாவதில்லை. அது போதாதென்று, செத்தும் நடமாடும் ஜந்துக்கள் சத்தமே போடாது என்று விதி தனியாகச் சொல்லிவைத்திருக்கிறது. அமைதி நிலவினால் அறை காலியாக இருக்கலாம்; காது மந்தமாக இருக்கலாம்; எலும்புக்கூடுகள் வரிசையாக நிற்கலாம். தருக்கப்படி ஒட்டுக்கேட்டலுக்கு முடிவே இல்லை.

புதிய பதிப்புகளில் நிலைமை திருந்திவிட்டது என்று நம்புவோர் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பார்க்கலாம். பொறி கண்டறியும் மந்திரம் ஒன்று அதில் உண்டு. 120 அடிக்குள், கண்ணுக்கெட்டும் இடத்தில் பொறி இருக்கிறதா என்று அது சொல்லும். எங்கே இருக்கிறது என்று சொல்லாது. நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே இதைவிடத் துல்லியமான கருவி மனிதகுலத்திடம் இல்லை. பூட்டுத் திறக்கும் மந்திரமும் உண்டு. அதைப் போட்டால் எழும் தட்டல் ஓசை 300 அடி தூரம் கேட்கும். பத்து நிமிடம் மூச்சைப் பிடித்துப் பூனைநடை நடந்து வந்த பின், பலர் இந்த மந்திரத்தைத்தான் போடுகிறார்கள்.

பகடை உருட்டுவதன் விளைவு இன்னும் விபரீதமானது. ஆறு பேரும் கதவை ஆராய்கிறேன் என்று ஆளுக்கொரு தடவை இருபது முகப் பகடையை உருட்டினால், யாராவது ஒருவருக்கு 1 விழ ஏறத்தாழ நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இம்மாதிரிச் சோதனைகளில் 1 விழுந்தால் பேரழிவு என்று ஐந்தாம் பதிப்பில் பொது விதி எதுவும் இல்லை. ஆனாலும் மேசை முழுவதும் "ஐயோ" என்று ஒரு முனகல் எழும். டி.எம். உண்மையைச் சொல்வார்: "சாதாரணக் கதவுதான்." 1 போட்டவரிடம் சொன்னதால் அது பொய்யாக இருக்கும் என்று மற்ற ஐவரும் முடிவு செய்வார்கள். சற்று முன்பு 19 போட்டவரிடமும் இதையேதான் சொன்னார் என்பதை யாரும் நினைவுகூர்வதில்லை. இந்தச் சமயத்தில் டி.எம். கை சும்மா இருக்க மாட்டாமல் தன் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் ஒரு பகடையை உருட்டினால், மேலும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

காகித உயிர்

இதுவரை சொன்னதைக் கொண்டு, ஆட்டக்காரர்கள் சாவுக்கு அஞ்சுகிறார்கள் என்று எளிதாக முடித்துவிடலாம். ஆய்வாளர் இதை ஏற்கவில்லை. வீட்டு ஆட்டத்தில் பாத்திரம் என்பது மாதக்கணக்கில் வளர்த்த பிள்ளை. அது செத்தால் வருத்தம் நியாயம். மாநாட்டுப் பாத்திரமோ டி.எம். முன்கூட்டியே அச்சடித்துக் கொண்டுவந்த ஒரு தாள். அரை மணிக்கு முன்புதான் கைக்கு வந்தது. பெயரையே இன்னும் சரியாகப் படித்திருக்க மாட்டார்கள். நான்கு மணி நேரம் முடிந்ததும் அது டி.எம். கோப்புக்கோ குப்பைத் தொட்டிக்கோ போகும். இழப்பதற்கு எதுவுமில்லாத உயிர் இது. அப்படியானால் இந்த ஆறு பேரும் வரலாற்றிலேயே மிகத் துணிச்சலான ஆறு பேராக இருந்திருக்க வேண்டும். மாறாக, வாடகை வீடு பார்க்க வந்த குடும்பம்போல நிலையைத் தட்டுகிறார்கள், தாழ்ப்பாளை ஆட்டுகிறார்கள், மோப்பம் பிடிக்கிறார்கள், ஓரமாகப் போய்க் கிசுகிசுக்கிறார்கள்.

அச்சம் சாவைப் பற்றியது அல்ல, "திறந்தது யார்?" என்ற கேள்வியைப் பற்றியது. மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் முன்பின் அறியாதவர்கள். தலைவர் கிடையாது, மூத்தவர் கிடையாது. அமெரிக்கர்களின் பொதுஇட மரியாதை வேறு. "நான் திறக்கட்டுமா, உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?" "இல்லை இல்லை, நீங்கள் வேறு ஏதாவது யோசித்திருந்தால்..." "அப்படியில்லை, நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்." கதவைத் திறந்து ஈட்டி பாய்ந்து ஆறு பேரும் மாண்டால், அந்நியர் ஐவரின் மதிய நேரத்தைக் கெடுத்தவன் என்ற பழி ஒருவரைச் சேரும். அந்தப் பழியோடு மாலையில் அதே காபி வரிசையில் நிற்க வேண்டும். தாளில் செத்தால் தாளோடு போயிற்று.

இரண்டாவது காரணம் டி.எம்.மிடமே இருக்கிறது. நேற்று இரவு ஆசையாக எழுதி வைத்ததை அவர் வாசிக்கிறார்: "கருங்காலிக் கதவு; பித்தளைக் கைப்பிடியில் காலத்தின் பச்சைக் களிம்பு; மேல் விளிம்பில் ஏதோ கீறல்கள்." போயிற்று. வாயால் ஆடும் ஆட்டத்தில் சொல்லப்பட்டது மட்டுமே உலகில் உண்டு. சொல்லப்படாத சுவருக்கும் தரைக்கும் இருப்பே கிடையாது. ஆகவே கீறல் என்று ஒன்று சொல்லப்பட்டுவிட்டால் அது காரணமில்லாமல் இருக்க முடியாது. யார் கீறினார்கள்? உள்ளிருந்தா வெளியிருந்தா? களிம்பு விஷமா? டி.எம். அழகுக்காகச் சொன்னார். ஆட்டக்காரர்கள் சாட்சியமாகக் கேட்டார்கள். வர்ணனையில் ஓர் உரிச்சொல் கூடினால் ஐந்து நிமிடம் கூடும் என்பது ஆய்வாளரின் மதிப்பீடு. உலோகங்களின் பெயர் வந்தால் பத்து.

விதிவிலக்கு

பெற்றோருடன் வந்த எட்டு வயதுக் குழந்தை மேசையில் இருந்தால் மேற்கண்ட எதுவும் பொருந்தாது. "கதவு இருக்கிறது" என்று சொல்லி டி.எம். வாயை மூடுமுன், "நான் திறக்கிறேன்" என்று குரல் வரும். பெரியவர்கள் பதறிப்போய், அது உண்மையிலேயே செய்ததா, செய்ய நினைத்ததா என்று விதி விசாரணை நடத்துவார்கள். அதற்குள் குழந்தை முக்காலி மேல் ஏறி நிற்கும். மாநாட்டுக்காரர்கள் மேசைக்கொரு குழந்தையை ஏற்பாடு செய்தால் இச்சிக்கல் அடியோடு தீரும். ஆனால் அடுத்து வரும் டிராகனின் வாலையும் அது பிடித்து இழுக்கும் என்பதால் ஆய்வாளர் இதைப் பரிந்துரைக்கவில்லை.

தீர்வுகள்

கதவை எடுத்துவிட்டு வெறும் வளைவு வைத்துப் பார்த்த டி.எம்.கள் உண்டு. கதவு ஏன் இல்லை என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். திரை போட்டால் திரையைப் பத்தடிக் கோலால் விலக்குவார்கள். "அது வெறும் கதவு, எனக்கு நேரமில்லை, தயவுசெய்து உள்ளே போங்கள்" என்று வெளிப்படையாகக் கெஞ்சுவது வேலை செய்யும். ஆனால் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு டி.எம். கெஞ்சாத ஒவ்வொரு கதவும் கொலைக்களமாகிவிடும்.

மேசையில் மணல் கடிகாரத்தைத் தலைகீழாக வைப்பதும் உண்டு. மணல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆறு பேரும் மணல் பற்றிப் பேசுவார்கள்.

இங்கேதான் 1974இன் அந்த ஓரவஞ்சனை விதி கைகொடுக்கிறது. கதவுகள் அரக்கர்களுக்குத் தாமாகத் திறக்கும். எனவே, ஆட்டக்காரர்கள் கதவைத் திறக்க வேண்டியதே இல்லை. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு டி.எம். சொல்ல வேண்டியது: "கதவு உள்ளிருந்து திறக்கிறது. தூக்கக் கலக்கத்தோடு ஒரு கோப்ளின் பூதம் தலையை நீட்டி, யார் சார் அது, இந்நேரத்தில் கதவை நோண்டிக்கொண்டு, என்று கேட்கிறது." அவ்வளவுதான். திறந்தது யார் என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. பழி கோப்ளினைச் சேர்கிறது. ஆறு பேரும் ஒரே குரலில் வாளை உருவுகிறார்கள். கதவுக்குக் கீல் போடும் முன்பே தீர்வு விதிநூலில் இருந்திருக்கிறது. காப்பீட்டுக்காரரும் காவலாளியும் அறிந்தே எழுதினார்களா என்பதில் ஆய்வாளர் கருத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் காவல் வேலை பார்த்தவருக்கு, உள்ளேயிருப்பவன்தான் எப்போதும் முதலில் கதவைத் திறப்பான் என்பது தெரியாமல் இருந்திருக்காது.

மேலாய்வுக்கான களங்கள்

படிக்கட்டுகள், நெம்புகோல்கள், "தொடாதே" என்று எழுதிய பலகைகள் ஆகியவை தனித்தனி ஆய்வுக்கு உரியவை. பேசும் கதவு அவற்றிலெல்லாம் பெரிய களம். அதைத் தொடத் துணிபவருக்கு ஆய்வாளர் முன்கூட்டியே அனுதாபம் தெரிவித்துக்கொள்கிறார். விடுகதை போட்டு வழிமறிப்பதற்காகத்தான் டி.எம். அதை வைத்திருப்பார். ஆட்டக்காரர்களோ விடுகதையைக் காதில் வாங்காமல், இங்கே எவ்வளவு காலமாக நிற்கிறாய், குளிரவில்லையா, கூட யாராவது இருக்கிறார்களா என்று நலம் விசாரிப்பார்கள். பிறகு ஒருவர், உன் பெயர் என்ன என்று கேட்பார். கதவுக்குப் பெயர் வைக்கும் யோசனை டி.எம்.முக்கு அந்த நொடிவரை வந்திருக்காது. அவர் மேசையைச் சுற்றிக் கண்ணை ஓட்டி, கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் தண்ணீர் பாட்டிலில் அச்சிட்டிருக்கும் பெயரைச் சொல்லிவைப்பார். கதவைக் கீலோடு பெயர்த்துத் தங்களோடு கூட்டிப்போவது எப்படி என்ற விவாதம் தொடங்கும். அப்போது மணி மூன்றரை. நாலு மணிக்கு அடுத்த குழு.